மாணவர்களுக்கு மும்பையைக் காட்ட மின்சார ரயில் போதும்!

தாராவியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர் திருநெல்வேலி ஜங்ஷனை நன்றாக அறிவார்கள்; மும்பைக் கோட்டைப் பகுதியை அறிய மாட்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருவதோடு சரி. ஆனால் வரலாற்றுப் பாடத்துக்கு வேண்டிய கட்டடங்களெல்லாம் சயான் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் நிற்கின்றன.

பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஆசையினால் கெடுகின்றன. ஒரே நாளில் ஏழு இடம் என்று நோட்டீஸ் போட்டுத் தனி பஸ் அமர்த்துகிறார்கள். பிள்ளைகள் போக்குவரத்து நெரிசலில் தூங்குகிறார்கள். பஸ் வாடகையோ தலைக்குத் தலை விழுகிறது. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கூலித் தொழிலாளியால் அதைக் கட்ட முடிவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சுற்றுலா அன்று "காய்ச்சல்" வந்துவிடும்! மின்சார ரயிலில் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட்தான். மிச்சச் செலவை அந்தந்த வட்டாரத்துச் சங்கத்தார் ஏற்றுக்கொள்ளலாம். பணம் கட்டாதவர் பெயரை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

ரயிலில் கவனம்

பெற்றோருக்குப் பயம் ரயில்தான். அது நியாயமான பயம். காலை 8 மணி முதல் 11 மணி வரை தெற்கே போகும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. சயானில் வண்டி அரை நிமிஷங்கூட நிற்காது. நாற்பது பேர் ஒரே வாசலில் ஏற முடியாது. பத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு வாசலுக்கு எதிரே முன்கூட்டியே நிறுத்த வேண்டும். பெண்கள் பெட்டியில் 12 வயதுக்குக் குறைந்த பையன்களை மட்டுமே ஏற்றலாம். பெரிய பையன்கள் ஆசிரியரோடு பொதுப் பெட்டியில் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு. ஆனால் பராமரிப்பு வேலைக்காக "மெகா பிளாக்" இருக்கும். முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஒரு பாடத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். பிளாட்பாரத்தில் விடுபட்டவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வண்டியில் தங்கிவிட்டவன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நிற்க வேண்டும். சட்டைப் பையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். அதைத் தமிழில் மட்டும் எழுதினால் பயனில்லை. கண்டெடுக்கும் போலீஸ்காரர் மராத்திக்காரராக இருப்பார். ரயில்வே உதவிக்கு 139, குழந்தைகள் உதவிக்கு 1098.

எதைப் பார்ப்பது?

வண்டி போய் நிற்கும் இடமே முதல் காட்சி. இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் எனப்படும் பழைய வி.டி., 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் கட்டப்பட்டது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இதன் அருகிலிருந்த போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோ மீட்டர் ஓடியது. எதிர்ச்சாரியில் நின்று முகப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயில் தூண்களில் ஒன்றில் சிங்கம், மற்றொன்றில் புலி. ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா என்று கடைசியில் சொன்னால் போதும். நோட்டுப் புத்தகத்தில் பெயர்ப்பலகையைக் காப்பியடிக்க வைப்பதைவிட இது மேல்.

அங்கிருந்து நடந்தே ஹுதாத்மா சௌக் போகலாம். மராட்டிய மக்கள் தனி மாநிலம் கேட்டுப் போராடி உயிர்விட்டவர்களின் நினைவிடம் அது. 1960 மே 1-இல் மகாராஷ்டிரம் பிறந்தது. அந்த மாநிலத்திலேயே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் அதை அறிந்திருக்க வேண்டும்.

பிறகு, முன்பு பிரின்ஸ் ஆப் வேல்ஸ் என்றிருந்த மியூசியம். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாடம் செய்த விலங்குகளும் அக்பரின் மார்புக் கவசமும் பையன்களைக் கட்டிப்போட்டுவிடும். தலைமையாசிரியர் கடிதத்துடன் முன்பே எழுதி, பள்ளிகளுக்குச் சலுகை உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம். புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் எங்கே உட்காரலாம் என்றும் காவலரிடம் கேளுங்கள். ஓட்டலுக்குக் கூட்டிப் போனால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியில் கேட்வே. 1924-இல் திறக்கப்பட்ட இந்த வளைவின் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படை வெளியேறியது. கடல் ஓரத்துச் சுவரருகே பிள்ளைகளை விட வேண்டாம். எலிபெண்டாவை அன்றே சேர்க்காதீர்கள். படகுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகும், திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை மும்பை வந்தபோதெல்லாம் தங்கிய மணி பவனுக்கும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கிராண்ட் ரோடில் இறங்கி நடக்கிற தூரம்தான்.

மாலை நான்கு மணிக்குள் டெர்மினஸுக்குத் திரும்பிவிடுங்கள். அங்கிருந்தே புறப்படும் ஸ்லோ வண்டியில் ஏறினால் பிள்ளைகளுக்கு உட்கார இடம் கிடைக்கும். ஐந்தரை ஆகிவிட்டால் ஆபீஸ் கூட்டத்தில் சிக்கி, சயானில் இறங்க முடியாமல் குர்லாவரை போக நேரிடும்.