உங்களுக்குத் தெரியுமா? சூட்டில் இளகிய புரதம்

1845-ல் லண்டனில் கடும் எலும்பு வலியால் துடித்த ஒரு வியாபாரியின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு வந்தது. நைட்ரிக் அமிலம் விட்டதும் தெளிந்தது. ஆறியதும் கெட்டியாகத் திரண்டது. சூடாக்கினால் மறுபடி இளகியது! மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வெளியேறும் அந்தப் புரதத்துக்கு இன்றும் அந்த மருத்துவரின் பெயர்தான்.

சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை முக்கியமாக ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தையே காட்டும், பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தைக் கோட்டைவிடலாம். பெரியவர்களுக்கு விடாத முதுகுவலியோடு ரத்தசோகை, எகிறிய ஈ.எஸ்.ஆர்., கூடிய கிரியாட்டினின், கால்சியம் எல்லாம் சேர்ந்து தெரிந்தால், ‘வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடாதீர்கள்; இந்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ரத்தத்தில் ‘புரத எலக்ட்ரோபோரெசிஸ்’ பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.