பேதியை நிறுத்தும் மாத்திரை என்னதான் செய்கிறது?

பேதி நிற்க விழுங்கும் லோபரமைடு மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை. குடல் சுவரின் ஓபியாய்டு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அசைவை மந்தமாக்கும். நீரை உறிஞ்சக் குடலுக்கு அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் இதுவே வினை: வெளியேற வேண்டிய கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும். டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அளவு மீறினால் பெரியவர்களுக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல். குளுக்கோஸ் குடல் சுவருக்குள் நுழையும்போது சோடியத்தையும் கூட்டிச் செல்கிறது, பின்னாலேயே தண்ணீர். ஊட்டி போன்ற மலையூர்க் குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது, நோயாளி கேட்காமலே கொடுங்கள். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில், கரைசலுக்கான தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயமில்லை, கிருமி சாக அது போதும். 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள்.