சிவப்பு ஏன் கோட்டைத் தாண்டுகிறது?

வீட்டில் பழைய தீப்பெட்டி இருந்தால் அதன் லேபிளை உற்றுப் பாருங்கள். சில லேபிள்களில் சேவல் கொண்டையின் சிவப்பு, கறுப்புக் கோட்டுக்குள் அடங்காமல் மயிரிழை அளவு வெளியே நிற்கும். 'ரிஜிஸ்டர் சரியில்லை' என்பார்கள் அச்சகத்தில். அடித்தவரைக் குறை சொல்லுமுன் கொஞ்சம் பொறுங்கள். காற்றும் அந்தத் தப்பைச் செய்யும்.

கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு இதை மண்ணிலிருந்தே சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் அதே வெடிப்பு மூடிக்கொள்கிறது. கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது இருக்கிறது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காகிதமும் அப்படித்தான். அதிலுள்ள செல்லுலோஸ் இழைகள் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். அவை நீளுவது குறைவு, பருப்பதுதான் அதிகம். ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக அடிக்கும்போது, இடையில் காகிதம் விரிந்துவிட்டால் அடுத்த வண்ணம் இடம் தவறி விழும். இந்த வறண்ட பூமியில் காற்றில் ஈரம் குறைவு. தீக்குச்சி காய்வதற்கும் சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்வதற்கும் அது துணை நின்றது.

கோவில்பட்டியில் ஓவியர் சி. கொண்டையராஜு (1898-1976) வாழ்ந்தார். நாடகத்துக்குத் திரைச்சீலை தீட்டியவர் அவர். அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போனார்கள். அந்த முருகனின் மயில் கழுத்து நீலம் இம்மி விலகினாலும் படம் கெட்டுவிடும்!

இந்தக் கவலை பழையது. 1544-இல் கார்னெலிஸ் ஆந்தோனிஸ் என்ற கலைஞர், ஆம்ஸ்டர்டாம் நகரத்தைப் பறவை பார்ப்பதுபோல் வரைந்து 12 மரக்கட்டைகளில் அச்சுக்குக் கொண்டுவந்தார். மரக்கட்டை அச்சில் வெள்ளையாக வரவேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மட்டும் மை ஒட்டும். எழுத்தையெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். கட்டை ஈரம் குடித்து உப்பினாலோ, ஒரு தாளின் தெரு அடுத்த தாளின் தெருவோடு சேராது. 

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். செய்தித்தாளில் மேலிருந்து கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என 30 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். நனைத்து, ஸ்கேலில் அளந்து பாருங்கள். எந்தப் பட்டை அதிகம் நீண்டது? இழைகள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்பதை அதை வைத்து நீங்களே கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள்.