கோடை ஊறுகாய்: உப்பை எடை போட்டுச் சேர்க்கவும்

போடிநாயக்கனூர், பெரியகுளம் வட்டாரங்களில் மலையடிவாரத்து மாந்தோப்புகளில் மாசி, பங்குனி மாதங்களில் பிஞ்சுகள் உதிர்கின்றன. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வீசும் காற்றில் முற்றாத காய்களும் ஏராளமாக விழுந்துவிடும். அடிபட்ட காய்க்கு மண்டியில் நல்ல விலை கிடைப்பதில்லை. சில சமயம் ஏற்றுக்கூலிக்கே கட்டுவதில்லை. இவற்றை மரத்தடியில் அழுகவிடாமல் ஊறுகாயாகப் போட்டு வைத்தால் ஆண்டு முழுவதும் வீட்டுக்கு உதவும். விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர்களின் தூக்குவாளியில் சோற்றுக்குத் துணை பெரும்பாலும் ஊறுகாய்தான். தோப்பு வைத்திருக்கும் குடும்பம் அதையும் கடையில் பொட்டலமாக வாங்குவது வீண் செலவு.

வீட்டில் போட்ட ஊறுகாய் ஆடி மாதம் வருவதற்குள் பூசணம் பூத்துவிடுகிறது என்ற குறை பல குடும்பங்களில் உண்டு. இதற்குக் கைராசி காரணம் அல்ல. உப்பு குறைந்தது, ஈரம் சேர்ந்தது, காய் உப்பு நீருக்கு மேலே மிதந்தது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இவற்றிலும் முதலாவதே மிகுதி.

உப்பு, காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் செறிந்த உப்பு நீரில் பெருக முடிவதில்லை. மாங்காயில் இயற்கையான புளிப்பும் இருப்பதால் பாதுகாப்பு இரட்டிப்பாகிறது. உப்புக் குறைந்தால் இந்த வேலி தளர்ந்துவிடும். "கைப்பிடி", "ஆழாக்கு" என்று அளப்பதில்தான் தவறு நேருகிறது. ஒரே ஆழாக்கில் கல்லுப்பு குறைந்த எடையும், தூள் உப்பு கூடுதல் எடையும் பிடிக்கும். மாமியார் காலத்தில் தூள் உப்புக்குச் சரியாக இருந்த அளவைக் கல்லுப்புக்கும் அப்படியே வைத்தால் உப்புப் போதாது. ஆகவே உப்பைத் தராசில் எடை போட்டே சேர்க்க வேண்டும். ஒரு கிலோ மாங்காய்க்கு 150 கிராம் உப்பு என்பது நம்பத்தக்க அளவு. இது மொத்த எடையில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு வரும். உப்பு நீரில் போட்டு விற்கும் ஊறுகாய்க்கு அந்த நீரில் நூற்றுக்கு 12 பங்குக்குக் குறையாமல் உப்பு இருக்க வேண்டும் என்பதே நம் நாட்டு உணவுத் தரவிதியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயின் உப்பைக் குறைத்துப் போடுவதைவிட, உண்ணும் ஊறுகாயைக் குறைத்துக்கொள்வதே சரி.

மாவடுவுக்குக் காம்புடன் கூடிய, அடிபடாத, ஒரே அளவான பிஞ்சுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே விழுந்து கன்றிய பிஞ்சு ஒன்று இருந்தாலும் அதிலிருந்து அழுகல் தொடங்கி ஜாடி முழுவதும் பரவும். உதிர்ந்தவற்றில் காயம் இல்லாதவற்றைப் பொறுக்கி அன்றே போட்டுவிடுவது நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்காகத் தோப்புகளில் மருந்து தெளிக்கிறார்கள். தெளித்த சில நாட்களில் உதிரும் பிஞ்சை ஊறுகாய்க்கு எடுக்கவே கூடாது. மருந்துப் புட்டியின் சீட்டில் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் கழிந்த பிறகே பிஞ்சைத் தொட வேண்டும். கழுவிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. சில மருந்துகள் தோலுக்குள்ளும் ஊடுருவி நிற்கும். பிறர் தோப்பில் பொறுக்குவதானால் மருந்து அடித்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

காம்பைச் சிறிது விட்டு நறுக்கி, பால் வடியவிட்டு, நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு கிலோ வடுவுக்கு இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயைத் தடவிப் புரட்டவும். பின்னர் பீங்கான் ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு வரிசை உப்பு என்று 150 கிராம் கல்லுப்பையும் இட்டு நிரப்ப வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியதில்லை. காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிட்டால் நான்கைந்து நாட்களில் வடு சுருங்கி, தானே நீர் விட்டுக்கொள்ளும். பத்து நாள் கழித்து 50 கிராம் மிளகாய்த்தூள், 25 கிராம் கடுகுத்தூள், சிறிது மஞ்சள்தூள் ஆகியவற்றை அந்த உப்பு நீரிலேயே குழைத்துச் சேர்க்கலாம். வடு எப்போதும் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மிதந்தால் கழுவிக் காயவைத்த பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைக்கலாம். பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை உப்பும் புளிப்பும் அரித்துவிடும். பெயிண்ட் வாளி, மருந்து டப்பா ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.

முற்றிய காயைத் துண்டு போடுவதற்கும் அதே உப்பு அளவுதான். இரண்டு மூன்று நாள் உப்பில் ஊறிய துண்டுகளை நீர் வடித்து, ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், மஞ்சள் கலக்க வேண்டும். வடித்த உப்பு நீரைக் கொட்டிவிடாமல் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கொட்டினால் உப்பில் ஒரு பகுதியும் உடன் போய்விடும். காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும். கொத்தவரை, பாகல், மிளகாய் ஆகியவை அடிவாரத்துக் கடும் வெயிலுக்கு வற்றலாகப் போடவே ஏற்றவை.

வெள்ளரிப்பிஞ்சு, காரட், முள்ளங்கி போன்ற காய்களுக்கு முறை வேறு. இவற்றில் மாங்காயைப் போல் புளிப்பு இல்லை. புளிப்பை நாம்தான் உண்டாக்க வேண்டும். மோரைப் புளிக்க வைப்பது போன்ற நுண்ணுயிர்கள் இந்தக் காய்களின் மேலேயே உள்ளன. அளவான உப்பு இருந்தால் அவை மட்டும் பெருகிக் காயைப் புளிக்க வைக்கும். அரைக் கிலோ காய்க்குக் கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், உப்பு 50 கிராம் என்று எடுத்துக்கொள்ளவும். உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, காய் மேலே வராமல் பாரம் வைத்து, ஜாடியின் வாயைத் துணியால் வேடு கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளில் குமிழிகள் கிளம்பும். இது கெடுதல் அல்ல, புளிப்பு ஏறுவதன் அடையாளம். குமிழி வரும் நாட்களில் கண்ணாடிப் புட்டியை இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். போடியின் வெப்பத்தில் ஒரு வாரத்தில் காய் நன்கு புளித்துவிடும். குரங்கணி, போடிமெட்டு போன்ற குளிர்ந்த இடங்களில் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அங்கே மேகமூட்டத்தால் வெயிலில் உலர்த்துவதும் நிச்சயமில்லை. எனவே மலைச்சரிவில் இருப்பவர்கள் வற்றலைவிட உப்பு நீர் ஊறுகாயையே நம்பலாம்.

புளிக்காத காயை எண்ணெயில் மூழ்கடித்து வைப்பதே மிகவும் ஆபத்தானது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். அந்த நஞ்சுக்கு நிறமும் வாடையும் கிடையாது. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவு விடுதியில் எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்ச்சியில் வைக்காமல் பயன்படுத்தியதால் 36 பேர் இந்த நோய்க்கு ஆளானார்கள். நம் பக்கத்தில் மலைப்பூண்டு ஊறுகாய் விரும்பி உண்ணப்படுவதால் இதைக் கவனிக்க வேண்டும். உரித்த பூண்டைக் கீறி, உப்பிட்டு, எலுமிச்சைச் சாறு மூழ்க ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்ட பிறகே எண்ணெயும் மிளகாயும் சேர்க்க வேண்டும். புளிப்பை அளக்க பி.எச். தாள் உள்ளது. அதில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த நுண்ணுயிர் வளராது.

உப்பு நீரின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அதை உடனே எடுத்துவிட்டு, காயை மீண்டும் அமிழ்த்திப் பாரம் வைக்கலாம். எடுக்காமல் விட்டால் அந்த ஏடு புளிப்பைத் தின்றுவிடும். பிறகு அழுகல் எளிதில் புகும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு போல் பூசணம் பூத்தாலோ, காய் கொழகொழத்து நாறினாலோ மேலாக வழித்துவிட்டு உண்ணக் கூடாது. ஜாடியோடு கொட்டிவிட வேண்டும். பெரிய ஜாடியைத் தினமும் திறப்பதைவிட, வாரத்துக்கு வேண்டியதைச் சிறு புட்டியில் எடுத்து வைத்துக்கொண்டால் ஈரக் கரண்டி உள்ளே போகும் பேச்சே இல்லை.

அக்கம்பக்கத்தில் விற்க எண்ணும் மகளிர் குழுக்கள், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். புட்டியின் மேல் தயாரித்த நாள், நிகர எடை, சேர்த்த பொருள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறை போடும்போதும் காயின் எடை, உப்பின் எடை, தேதி இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டால், ஒரு ஜாடி கெட்டாலும் எதனால் கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க முடியும்.