துருவே பிடிக்காத பொம்மை காருக்கு துரு ஏற்றுவது எப்படி? காவிப் பொடியில் இருக்கிறது சூட்சுமம்!

புது காரில் ஒரு கீறல் விழுந்தாலே நமக்கு தூக்கம் போய்விடும். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் புத்தம் புது பொம்மை காரை வாங்கி வந்து, இருபது வருஷம் மழையில் கிடந்தது போல மாற்றுவதற்காகவே ராத்திரி கண்விழிக்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. இந்த வேலைக்கு 'வெதரிங்' என்று பெயர். வெளிநாட்டு பெயின்ட் விலையைப் பார்த்துவிட்டு "இது நமக்கு சரிப்படாது" என்று ஒதுங்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். திருச்சி கே.கே. நகரில் இருப்பவருக்கு இதற்குத் தேவையானதில் முக்கால்வாசி ஹார்டுவேர் கடையிலும் பூஜை சாமான் கடையிலுமே கிடைத்துவிடும்.

அப்படி என்ன விளையாட்டு இது?

மேஜை மேல் குட்டி வீரர்களையும் வண்டிகளையும் நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கு ஒரு விதிப் புத்தகம் போட்டார். இன்றைக்கு இதில் பெரிய பெயர் 1987-ல் பிரிட்டனில் வந்த 'வார்ஹாமர் 40,000'. அதன் பொம்மைகளும் பெயின்ட்டும் நம்மூர் சம்பளத்துக்கு கொஞ்சம் ஓவர்தான்.

வழியைத் திறந்துவிட்டது 2017-ல் வந்த 'கேஸ்லேண்ட்ஸ்'. மைக் ஹட்சின்சன் எழுதிய இந்த விளையாட்டுக்கு தனி பொம்மைகளே வேண்டாம். ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார்களே போதும். 'மேட் மேக்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் சட்டென்று பிடிபடும். 200 ரூபாய்க்குள் கிடைக்கும் ஹாட் வீல்ஸ் கார் ஒன்று இருந்தால் ஆட்டத்துக்கு ரெடி.

இதில் துரு வெறும் அழகுக்காக இல்லை. ஓடும் கார்களும், தடுப்பாக நிற்கும் உடைந்த கார்களும் ஒரே மேஜையில்தான் இருக்கும். எது ஆட்டக்காரரின் வண்டி, எது பின்னால் ஒளிந்துகொள்ள மட்டும் உதவும் இரும்புக்கூடு என்பதை ஒரு பார்வையிலேயே சொல்ல வேண்டியது இந்தத் துருதான்.

நிஜமாகவே துருப்பிடிக்க விட்டால் என்ன?

நடக்காது. இந்த பொம்மை கார்களின் மேல்பாகம் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. மொட்டை மாடியில் எத்தனை வருஷம் போட்டாலும் அதில் செந்துரு வராது. வந்தால் வெள்ளையாகத்தான் பூக்கும். செந்துரு இரும்புக்கே உரியது. இரும்போடு தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்து உருவாகும் இரும்பு ஆக்சைடு அது. எனவே பொம்மை காரில் துருவை நாம்தான் வரைய வேண்டும்.

புதிதாக வருபவர்கள் சொதப்புவதும் இங்கேதான். ஆரஞ்சு பெயின்ட்டை எடுத்து கார் முழுக்க அடித்துவிடுகிறார்கள். பார்க்க கேரட் அல்வா மாதிரி இருக்கும்.

முதலில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு தெருவுக்குப் போவது நல்லது. கே.கே. நகர் மாதிரி குடியிருப்புப் பகுதியில், வருஷக்கணக்காக எடுக்கப்படாமல் நிற்கும் ஒரு மாருதி 800 கண்ணில் படாமல் போகாது. அதை நிதானமாகப் பாருங்கள். கூரையில் துரு குறைவாக இருக்கும்; திருச்சி வெயிலில் அங்கே பெயின்ட் வெளிறி, சிவப்பு ரோஸாகியிருக்கும். துரு கூடு கட்டியிருப்பது தண்ணீர் தேங்கும் இடங்களில்: கதவின் அடி விளிம்பு, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு, முன் கண்ணாடிக்குக் கீழே வேப்பிலை சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பள்ளம். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் பெயின்ட் அங்கே கொப்பளித்து உரியும். பிளாஸ்டிக் பம்பரில் துரு இருக்கவே இருக்காது. இதை மறந்து பம்பருக்கும் துரு அடித்தால் மொத்த உழைப்பும் வீண்.

தஞ்சாவூர் ரயிலில் போகிறவர்கள் பொன்மலை யார்டில் நிற்கும் சரக்கு வேகன்களையும் கவனிக்கலாம். பழைய துரு கரும்பழுப்பாகவும், புதுசு ஆரஞ்சாகவும் இருக்கும். ஆணியிலிருந்து வழியும் கறை எப்போதும் நேர் கீழேதான் இறங்கும்.

சரி, வேலைக்கு வருவோம்

அடி பெயின்ட்டாக ரெட் ஆக்சைடு பிரைமர். வீட்டு கேட்டுக்கு அடிப்போமே, அதேதான். கேட்டில் துரு வராமல் இருக்க நாம் பூசும் அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடு! டர்பன்டைன் கலந்து மெல்லிசாக அடித்து, ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, பர்ன்ட் அம்பர் அக்ரிலிக் பெயின்ட்டில் தொட்டு, அங்கங்கே ஒற்றினால் ஒரே சிவப்பாக இருந்தது பழைய துருவாக மாறும்.

அடுத்ததுதான் மேஜிக். அதன் மேல் ஹேர் ஸ்பிரே. அது காய்ந்ததும் காரின் 'அசல்' நிறத்தில் அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட். அரைமணி நேரம் கழித்து, ஈர பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் நடுவில் இருக்கும் ஹேர் ஸ்பிரே தண்ணீரில் கரைந்து, மேல் பெயின்ட் செதில் செதிலாக உரியும். உள்ளே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். எங்கே தேய்ப்பது? மாருதியில் பார்த்த இடங்களில் மட்டும். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுத் துருவின் தூள் தோற்றத்துக்கு வெளிநாட்டு 'பிக்மென்ட்' டப்பாக்கள் விற்கின்றன. ஸ்ரீரங்கத்து வாசல்களில் கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவியும் அதே ரகம்தான். மண் காவிக்கு நிறம் கொடுப்பதே இரும்பு ஆக்சைடு. வாங்கும்போது ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மண் காவி அடியில் தங்கும். சாயம் கலந்தது என்றால் தண்ணீர் முழுக்க நிறம் கரையும். நல்ல காவியை உலர்ந்த பிரஷ்ஷில் தொட்டு விளிம்புகளில் தடவி, மேலே மேட் வார்னிஷ் அடித்தால் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. காவித் தூளும், காரைத் தேய்க்கும்போது பறக்கும் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். ஹேர் ஸ்பிரேயும் டர்பன்டைனும் சட்டென்று தீப்பற்றும். சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, காரை ஒரு அட்டையில் ஒட்டி, டயரைச் சுற்றி ஃபெவிகால் தடவி செம்மண் தூவலாம். முன் கண்ணாடிக்குக் கீழே சருகு சேர்ந்தது போல் காட்ட, காபி பில்டரை எட்டிப் பார்க்க வேண்டாம். வடிகட்டிக் காயவைத்த டீத்தூள் ஒரு சிட்டிகை போதும்.