விதைக்காத ஐந்து வரிசை

நன்றாகத் திரண்ட பருத்திக் காயை வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பிளந்து பார்த்தால்தான் உள்ளே விதையைக் குடைந்தபடி இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு புழு கிடக்கும். முட்டையிலிருந்து வந்த கையோடு ஊசிமுனைத் துளை போட்டு உள்ளே போய்விடுகிறது; துளையும் தூர்ந்துவிடுகிறது. அதன்பிறகு மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் அதன்மேல் படாது. இந்தப் புழுவிடமிருந்தும், அன்று இதைவிடப் பெரிய நாசம் செய்துவந்த பச்சைக் காய்ப்புழுவிடமிருந்தும் பருத்தியைக் காப்பாற்றத்தான் 2002 மார்ச்சில் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று அந்தப் பி.டி. பருத்தியின் காய்க்குள்ளேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு குடியிருக்கிறது.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று சுருண்டு செத்தபோது, அதற்குக் காரணமான பாக்டீரியாவை இஷிவாத்தா கண்டுபிடித்தார். பத்து ஆண்டு கழித்து ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர், மாவு அந்துப்பூச்சியின் செத்த புழுவில் அதே பாக்டீரியாவைப் பார்த்தார். அந்தப் புழு துரிங்கியா பகுதியிலிருந்து வந்தது என்பதால் பாக்டீரியாவுக்கு அந்த ஊர்ப்பெயர்.

இந்த பாக்டீரியா உணவு குறைந்ததும் தன்னை வித்தாகச் சுருக்கிக்கொள்ளும். அப்போது வித்தின் பக்கத்திலேயே ஒரு புரதப் படிகத்தையும் செய்து வைக்கும். படிகமாக இருக்கும்வரை அது நஞ்சே அல்ல. இலையோடு சேர்த்து ஒரு புழு அதைத் தின்ன வேண்டும். புழுவின் குடல் நம் வயிற்றைப் போல அமிலமானது அல்ல, கடும் காரம். அந்தக் காரத்தில்தான் படிகம் கரையும். கரைந்த புரதத்தைப் புழுவின் சொந்தச் செரிமான நொதிகளே நறுக்கி நஞ்சாக்குகின்றன. அது குடல் சுவரில் தனக்கென்று உள்ள ஏற்பிகளைத் தேடிப்பிடித்து ஒட்டி, செல்களில் ஓட்டை போடுகிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்துகிறது, இரண்டு மூன்று நாளில் சாகிறது. மனிதனுக்கும் மாட்டுக்கும் அந்த ஏற்பிகள் கிடையாது. ஒரு பி.டி. புரதம் அந்துப்பூச்சியின் புழுவைக் கொல்லும், இன்னொன்று வண்டின் புழுவை மட்டும் கொல்லும். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த வகை, கொசுப்புழுவைக் கொல்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அந்த வகையை வைத்துக் கொசு ஒழிப்புக்கான மருந்தே உருவாக்கியிருக்கிறது. இவ்வளவு குறிபார்த்துக் கொல்லும் வேறொரு பூச்சிக்கொல்லியை நான் அறியேன்.

1938இலேயே பிரான்ஸில் இது தெளிப்பு மருந்தாக விற்பனைக்கு வந்தது. இயற்கை விவசாயிகளும் இன்றுவரை தெளிக்கிறார்கள். வெயில் பட்டால் சில நாளில் வீரியம் போய்விடும், காய்க்குள் புகுந்த புழுவை எட்டாது என்பவை அதன் குறைகள். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால் இரண்டு குறையும் தீரும். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1980களில் புகையிலைச் செடியில் அதைச் செய்து காட்டினார்கள். 1996இல் அமெரிக்காவில் பி.டி. பருத்தி வயலுக்கே வந்துவிட்டது.

குறை என்று நினைத்த ஒன்றுதான் பாதுகாப்பாகவும் இருந்தது. தெளித்த மருந்து நாலு நாளில் போய்விடும். செடிக்குள் இருக்கும் நஞ்சோ விதைத்த நாள் முதல் பருவம் முடியும்வரை இலையிலும் காயிலும் இருந்துகொண்டே இருக்கும். லட்சக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே குடல் ஏற்பி மாறியிருக்கும். மற்றவை செத்தபின் மிஞ்சுபவை அவை மட்டும்தான். அவை தங்களுக்குள் கூடினால் அடுத்த தலைமுறை முழுக்க நஞ்சுக்கு அசையாத கூட்டமாகிவிடும்.

இது விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியும். அதற்கான மருந்தும் எளியது. வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, மொத்தப் பரப்பில் 20 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவு சாதாரணப் பருத்தியை விதைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அங்கே சாதாரணப் புழுக்கள் பிழைத்து அந்துப்பூச்சிகளாகிப் பறந்து வந்து, தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டோடு கூடும். பிறக்கும் புழுக்கள் பி.டி. செடியைத் தின்று சாகும். இதற்காகவே 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பெரும்பாலான வயல்களில் அந்த 120 கிராம் மண்ணைப் பார்க்கவே இல்லை. விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்றால், ஏன் என்று அவருக்குப் புரியும்படி யார் சொன்னார்கள்?

விதையிலும் கோளாறு இருந்தது. மற்ற நாடுகள் பெரும்பாலும் ரகங்களாகப் பயிரிட்ட பி.டி. பருத்தியை இந்தியாவில் கிட்டத்தட்ட முழுக்க வீரிய ஒட்டு விதையாகவே விற்றார்கள். ஒட்டுச் செடியில் மரபணுவின் ஒரு படிதான் உண்டு. அதன் காயில் விளையும் விதைகளில் நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு இராது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு தின்பதோ விதையைத்தான். ஒரே காய்க்குள் நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் கலந்து கிடந்தால், அரைகுறை நஞ்சில் பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் புழுவுக்குக் கிடைக்காது. போதாததற்கு, ஆறேழு மாதம் வயலில் நிற்கும் பயிர்.

2009இல் குஜராத்தில் முதல் எதிர்ப்பு தெரிந்தது. அதற்கு முன்பே, 2006இல், இரண்டு மரபணு கொண்ட விதை வந்திருந்தது. பழைய ஒற்றை மரபணு விதையை நிறுத்தாமல் இரண்டையும் அருகருகே விற்றதால் புழு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் கடந்தது. 2017இல் மகாராஷ்டிரத்தில் பருத்தி பெருஞ்சேதம் கண்டது. அதே ஆண்டு அம்மாநிலத்தின் யவத்மாலில், பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். மருந்தடிப்பைக் குறைப்பதற்கென்று வந்த பயிரின் வயலில் நடந்தது இது.

அதே புழு, அதே நஞ்சு, அமெரிக்காவில் வேறு முடிவைக் கண்டது. அரிசோனாவில் சாதாரணப் பருத்தியை ஒழுங்காக விதைத்தார்கள். பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து விட்டார்கள். 2018இல் பருத்தி விளையும் பகுதிகளிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

பி.டி. பருத்தியால் பயனே இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பச்சைக் காய்ப்புழு இன்னும் பெருமளவு அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணச் செடியை யார் விதைப்பது என்ற கேள்வியைத்தான் பி.டி. கத்தரிக்காயைப் பற்றிய விவாதத்திலும் முதலில் கேட்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கெடுத்து உருவாக்கிய அதை, 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். பங்களாதேஷில் 2014 முதல் பயிராகிறது. நாளை இங்கே அனுமதி வந்தால், சாதாரணக் கத்தரி வரிசையை யார் விதைப்பார்கள், விட்டுக்கொடுக்கும் விளைச்சலுக்கு யார் ஈடு தருவார்கள் என்பதற்கு விடை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பருத்தி போட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பருத்தியை விட்டால் சாப்பாடு அதிகமில்லை. இன்னும் ஒரு வெடிப்பு வரும் என்று பயிரை மாதக்கணக்கில் நீட்டாதீர்கள். வேலியோரம் அடுக்கி வைத்த பருத்திமாரில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்களுக்குள் புழு உறங்கிக் காத்திருக்கும். அடுத்த விதைப்புக்கு முன் அவற்றைப் பொடித்து மண்ணோடு உழுதுவிடுங்கள்.