மறதியை அளந்தவர்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

தேர்வுக்கு முந்தைய நாள் இரவு பதினொரு மணி வரை உருப்போட்ட வரலாற்றுப் பாடம், மறுநாள் வினாத்தாளைக் கண்டதும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இக்கேள்வி நம் எல்லோரையும் வாட்டும் ஒன்று. சென்ற காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று எங்கள் தோழி ஒருத்தி, "என் மண்டையில் எதுவும் நிற்காது, நான் படிப்புக்கு லாயக்கில்லை" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் நூலகத்தில் உளவியல் நூல்களைப் புரட்டத் தொடங்கினோம்.

உளவியல் என்பது பிறர் மனத்தில் இருப்பதை ஊகித்துச் சொல்லும் வித்தை என்று எண்ணியிருந்தோம். அது தவறு. மனம் எவ்வாறு இயங்குகிறது, மனிதர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைச் சான்றுகளோடு ஆராயும் துறை அது. நெடுங்காலம் தத்துவத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1879-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். ஓர் ஒலியைக் கேட்டது முதல் விசையை அழுத்துவது வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பது போன்றவற்றை அங்கே கருவிகளைக் கொண்டு அளந்தார்கள். மனத்தைத் தொட முடியாது. ஆனால் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கலாம்!

ஆயினும் நினைவாற்றல் போன்ற பெரிய விஷயங்களை அளக்க இயலாது என்றே அப்போது பலர் கருதினர். அதைச் செய்து காட்டியவர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் (1850 - 1909). அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை. ஆகவே தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். ஏற்கெனவே அறிந்த சொற்களை மனப்பாடம் செய்தால் பழைய நினைவுகள் துணைக்கு வந்துவிடும் அல்லவா? அதனால் மெய், உயிர், மெய் என்ற வரிசையில் பொருளற்ற அசைகளை உருவாக்கினார். ஏறத்தாழ 2,300 அசைகள். கடிகார ஒலிக்கு ஏற்ப நிமிடத்திற்கு 150 அசைகள் என்ற ஒரே வேகத்தில் படித்தார். பிழையின்றி ஒப்பிக்கும் வரை விடவில்லை. பிறகு குறிப்பிட்ட இடைவெளி விட்டு, அதே பட்டியலை மீண்டும் கற்றார்.

இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்பதே அவருடைய அளவுகோல். உதாரணமாக, முதல் முறை 1,000 நொடி ஆகி மறுமுறை 660 நொடியே ஆனால், மிச்சம் 340 நொடி; அதாவது 34 விழுக்காடு. "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை" என்று நாம் கைவிரிக்கும்போதும் இந்தக் கணக்கு உள்ளே தங்கியிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்களை மிகவும் கவர்ந்தது இதுதான்.

1885-இல் அவர் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். 20 நிமிடம் கழித்து மிச்சம் சுமார் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. முப்பத்தொரு நாளிலோ 21! முதல் ஒரு மணி நேரத்தில் மளமளவென்று சரிகிறது. பிறகு ஒரு மாதம் வரை மெல்ல மெல்லத்தான் குறைகிறது. இன்னொன்றும் கண்டார். பன்னிரண்டு அசைகள் கொண்ட பட்டியலை ஒரே நாளில் 68 முறை படித்த பயனை, மூன்று நாட்களில் பிரித்து 38 முறை படித்தே பெற முடிந்தது. இரவு பதினொரு மணி வீராங்கனைகள் கவனிக்க!

ஒரே ஒரு மனிதர், அதுவும் தம்மையே சோதித்தவர். அவரை எப்படி நம்புவது? இந்த ஐயம் எங்களுக்கும் எழுந்தது. ஆனால் தாம் செய்த முறையை ஒளிக்காமல் எழுதி வைத்ததால் பிறர் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் அதே சோதனையை மீண்டும் நடத்தி 2015-இல் வெளியிட்டனர். பெரிதும் அதே போன்ற வளைகோடே கிடைத்தது.

நாங்களும் முயன்றோம். தமிழில் பொருளற்ற அசையைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. கல், வில், மண், தேன் என்று எதைச் சொன்னாலும் பொருள் வந்து நிற்கிறது. ஓரெழுத்தே ஒரு சொல்லாகும் என்று நன்னூல் 42 எழுத்துகளைக் காட்டும் மொழி அல்லவா! ஒருவழியாக ‘டுப்’, ‘ழித்’, ‘ஙெக்’ என்று பட்டியல் அமைத்தோம். எல்லோரும் சிரித்தே பாதி நேரம் கழிந்தது. மேலும், பட்டியலைச் சோதித்தவளுக்கே விடை தெரியும். தோழி தடுமாறினால் இவள் வாய் தானாக அசைகிறது. எனவே எங்கள் முடிவை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இதே தவறு பெரியவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டியே கணக்குக்கு விடை சொன்னது. ஊரே வியந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர், கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்து பார்த்தார், குதிரை விழித்தது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரறியாமலே சிறிது அசைவதைக் கண்டுதான் அது தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் விளக்கினார். உளவியல் சோதனைகளில் சோதிப்பவரிடமிருந்தே விடையை மறைத்து வைப்பது ஏன் என்பது இதனால் நமக்கு விளங்கும்.

நினைவாற்றல் ஆய்வில் ஒரு பெண்மணியின் பெயரையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவின் மேரி விட்டன் கால்கின்ஸ், வண்ணத்தையும் எண்ணையும் இணை இணையாகக் காட்டி, பிறகு வண்ணத்தை மட்டும் காட்டி எண்ணைக் கேட்கும் முறையை வகுத்தவர். வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் 1891-இல் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியவரும் அவரே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு வேண்டிய அனைத்தையும் 1895-இல் முடித்தார். ஆசிரியர்கள் பரிந்துரைத்தும், பெண் என்பதால் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. அதனுடன் இணைந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியின் பட்டத்தைப் பின்னர் தர முன்வந்தபோது, "வேண்டாம்" என்று கூறிவிட்டார். 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார்.

அழுத தோழியிடம் எபிங்ஹவுஸின் எண்களைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவருக்கே ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டதா?" என்று கேட்டாள். இப்போது அவள் வரலாற்றுப் பாடத்தை மூன்று நாட்களாகப் பிரித்துப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் நாங்கள் அவளைக் கேள்வி கேட்கிறோம், புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு.